சக்கரக் கோட்டம்: 0.1 மில்லியா, அரை மில்லியா?

கையால் கம்பி கோத்த சைக்கிள் சக்கரத்தை எந்த அளவுக்கு நேராக்குவது? காரைக்குடியில் காலையில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டும் எங்களுக்குள் இதில் இரண்டு கட்சி. டயல் கேஜ் (முள் நகர்ந்து ஆட்டத்தைக் காட்டும் அளவுக்கருவி) வைத்து, பக்கவாட்டு ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்கு இறங்கும்வரை நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன நட்டை, திருகிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு கட்சி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவாக வைத்துச் சுழற்றிப் பார்த்து, அரை மில்லியில் கையை எடுத்துவிடுபவர்கள் இன்னொரு கட்சி. நான் முதலாவதில் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன்.

அரை மில்லி என்பது ஏ4 தாள் ஐந்தை அடுக்கிய கனம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வரை விடுகிறோம், அதற்குள் அரை மில்லி ஆடினால் கட்டை உரசாது. டயரே வார்ப்பில் கொஞ்சம் நெளிந்துதான் வருகிறது, அதனால் அரை மில்லிக்குக் கீழே நீங்கள் எடுக்கிற கோட்டம் ஓட்டும்போது தெரியப்போவதில்லை.

போன வருஷம் கியர் சைக்கிளுக்குப் பின் சக்கரம் கட்டினேன். கேஜில் முள் அசையவே இல்லை, அவ்வளவு நேர். ஆனால் அந்த நேரைக் கொண்டுவர, ரிம் ஜாயிண்டுக்கு (ரிம்மின் இரண்டு முனையும் சேரும் இடம்) பக்கத்தில் இரண்டு கம்பியை நன்றாகத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தில் உள்ளதை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தேன். திருமயம் கோட்டை வரை போய்த் திரும்புவதற்குள் தளர்ந்த கம்பிகளின் நிப்பிள் தானாகக் கழன்றுகொண்டே வந்து, ரிம் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது.

அதிலிருந்து கேஜை எடுப்பதற்கு முன்னால் கம்பியை விரலால் மீட்டிப் பார்க்கிறேன். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால், ரிம் எவ்வளவு நேராக இருந்தாலும் அந்தச் சக்கரத்தில் அந்த நேர் நிற்காது. கியர் சக்கரத்தில் வலதையும் இடதையும் ஒப்பிடாதீர்கள், இடப்பக்கம் இயல்பாகவே தளர்வாகத்தான் இருக்கும். அப்புறம், இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து நன்றாக அழுத்திவிட்டு மறுபடி கோட்டம் பாருங்கள். இதைச் செய்யாத சக்கரம் முதல் சவாரியில் 'டிக் டிக்' என்று கம்பி முறுக்கை விட்டு, கட்டிய நேரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய 28 அங்குல ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் பிரேக்) வண்டிக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. அதில் கணக்கே வேறு. கட்டை ரிம்மின் பக்கங்களில் இல்லாமல், அச்சைப் பார்த்த உள்பக்கத்தில் அழுத்துவதால், பக்கவாட்டில் ஒரு மில்லி ஆடினாலும் பிரேக்குக்குப் பாதகமில்லை, ஆனால் ரிம்மில் மேடு பள்ளம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கவ்விக் கவ்வி விடும். அங்கே ஏற்ற இறக்கத்தை முதலில் எடுங்கள், பக்கக் கோட்டம் பிறகு. டிஸ்க் பிரேக் என்றால் கட்டை ரிம்மைத் தொடுவதே இல்லை, ஒரு மில்லி வரை தாராளமாக விடலாம்.

0.1 கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு: புது ரிம்மாக இருந்து, கம்பி இறுக்கமும் சீராக நின்றால், 0.2 வரை சிரமமில்லாமல் வரும், அதை ஏன் விடணும்? வரட்டும். ஆனால் ஜாயிண்டில் துருத்துகிற ரிம்மைக் கம்பியால் திருத்தப் போகாதீர்கள். அந்த இடத்தில் அரை மில்லி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து ஒருதரம் சுழற்றிப் பார்ப்பேன். ஓரிரண்டு நிப்பிளுக்குக் கால் சுற்று தேவைப்படும், அவ்வளவுதான்.