பழைய எம்.ஜி. எஞ்சினைப் போரிங்குக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வீட்டில் வைத்துச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள், முக்கியமாக எம்.ஜி. வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்கிற போரிங் வேலைக்குக் கொடுத்த என் எம்.ஜி.ஏ. காரின் எஞ்சின் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலை) வைத்துக்கொண்டு, ஒரு அம்பாசடர் பிளாக்கை எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் பட்டறைக்காரர்கள். வெறுமனே மாற்றவும் இல்லை. என் பிளாக்கில் இருந்த எஞ்சின் நம்பர் தகட்டைப் பெயர்த்து, அந்த அம்பாசடர் பிளாக்கில் ரிவெட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

வழக்குப் போட்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. கோவைப் பக்கம், பழைய கார்க்காரர்கள் நம்பிப் போகிற இடம் என்பது வரைக்கும் சொல்கிறேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் பக்கம் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். லேத் வேலை, கிராங்க் கிரைண்டிங், லைனர் வேலை என்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கோ, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ போய்த்தான் பழக்கம். கார் நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்தது. 1957 எம்.ஜி.ஏ. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான் இந்த மாடல் வந்தது, அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நம் ஊரில் ஒன்று கிடைப்பது அபூர்வம்.

பாடி வேலையை நானே செய்தேன். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. தரை இரும்பு இல்லை, பிளைவுட் பலகை. கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றுக்கும் மேல்தகடு அலுமினியம், அதனால் அவை துருப்பிடிக்காமல் தப்பித்திருந்தன. கதவுக்குக் கீழே ஓடும் சில் இரண்டும் மட்கிப்போயிருந்தன. அவற்றை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டு வைத்தேன். கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் வீட்டிலேயே பிரித்துக் கழுவிக் கோத்தாயிற்று. ஹெட்டுக்கு வால்வ் லேப்பிங்கும் போர்ட்டிகோவில் உட்கார்ந்தே முடித்தேன். வீட்டில் செய்ய முடியாதது போரிங்கும் கிராங்க் வேலையும்தான். அதற்காக வெறும் பிளாக், கிராங்க், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) மட்டும் டெம்போவில் ஏறிப் போயின.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று புரிய, கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். எம்.ஜி.ஏ.வின் முதல் மாடலில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரீஸ் எஞ்சின், 1489 சிசி. அதே 1489 சிசி பி சீரீஸ்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக நம் அம்பாசடருக்கும் வந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற தூரம்) 88.9 மில்லிமீட்டர், இரண்டிலும் ஒன்றே. இது நமக்குப் பெரிய வரம். கேஸ்கட், பேரிங் போன்ற பல சாமான்களைக் கோவையில் அம்பாசடர் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு வாங்கிவிடலாம், இங்கிலாந்தில் இருந்து வரவழைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி என்பதற்காக ஒருவன் ரேஷன் கார்டில் இன்னொருவன் பெயரைப் போட முடியாது. எம்.ஜி.க்கு இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன், அறுபத்தெட்டு முதல் எழுபத்திரண்டு குதிரைத்திறன். அதற்கு மேல் வெளியே கண்ணுக்குத் தெரிகிற ஒரு வித்தியாசம் உண்டு. என்னைக் காப்பாற்றியது அதுதான்.

எம்.ஜி.ஏ.வில் ஆர்பிஎம் மீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது) கேபிளில் ஓடுகிறது. பிளாக்கின் இடதுபுறம், பின்கடைசியில், கேம் ஷாஃப்டில் இருந்து ஓட்டம் எடுக்கிற ஒரு சின்ன கியர் பெட்டி உட்காரும். கேபிள் அதில் இருந்துதான் டாஷ்போர்டுக்குப் போகும். அம்பாசடரில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது, ஆகவே பிளாக்கில் இந்தப் பெட்டிக்கான துளையும் கிடையாது. நான் அந்தப் பெட்டியை முன்பே கழற்றி, டீசலில் ஊறவைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

எஞ்சின் திரும்பி வந்தபோது பிளாக் முழுக்கப் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். எம்.ஜி. எஞ்சினுக்கு உரிய அரக்குச் சிவப்பு. நான் பெயிண்ட் அடிக்கச் சொல்லவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பார்த்ததும் சந்தோஷம். செயின் பிளாக்கில் தூக்கி வண்டிக்குள் இறக்குவதற்கு முன்னால், அப்புறம் கை எட்டாது என்று அந்தக் கியர் பெட்டியை மாட்டப் போனேன். மாட்ட இடமே இல்லை. இடதுபுறம், பின்கடைசி, அதே மூலை. அங்கே மூடிய வார்ப்பிரும்பு மட்டும் இருக்கிறது, துளை கிடையாது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். அடைத்த துளையாக இருந்தால் விளிம்பு தெரிய வேண்டும். விரல் நகத்தால் தடவினாலும் ஒரு கோடு தட்டுப்படவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். வலதுபுறம், டைனமோவுக்கு மேலே, நம்பர் தகடு இருந்தது. என் ஆர்சியில் உள்ள அதே நம்பர், அதே பழைய தகடு. ஆனால் அதைப் பிடித்திருந்த இரண்டு ரிவெட்டும் புதுசு. நடுவில் ஊசித் துளை தெரிகிற, கன் வைத்து அடிக்கிற அலுமினிய பாப் ரிவெட். அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தில் இருப்பது துளை இல்லாத, கறுத்துப்போன பழைய ரிவெட். தகட்டின் ஒரு மூலை வேறு, திருப்புளி விட்டு நெம்பியதில் வளைந்திருந்தது.

பிஸ்டன் தலையில் இருந்த கிரீஸைத் துடைத்தால் 040 என்று பொறித்திருக்கிறது, அதாவது போரை நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) பெரிதாக்கியிருக்கிறார்கள். பில்லில் எழுதியிருப்பது 020. என் பிளாக் போனது ஸ்டாண்டர்டு போரில், அதாவது அதுவரை கடையாத மூல அளவில். அதை அவர்களே போர் கேஜ் வைத்து அளந்து, ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இருபது தௌ எடுத்தால் போதும் என்று சொன்னதும் அவர்கள்தான். வந்திருப்பது, ஏற்கெனவே நாற்பது தௌ வரைக்கும் தின்று முடித்த ஏதோ ஒரு டாக்ஸியின் பிளாக்.

பொள்ளாச்சியில் ஐம்பது வருஷம் லேத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கூட்டி வந்து காட்டினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது அம்பாசடர் பிளாக்குங்க தம்பி. இதுல எனக்கு ரெண்டு பேச்சே இல்லை" என்றார். அதை எழுதியும் கொடுத்தார்.

பட்டறை உரிமையாளருக்குப் போன் போட்டேன். "ரெண்டும் ஒரே எஞ்சின்தானுங்க, கோத்தா ஓடப் போகுது, எதுக்குங்க பெருசு பண்றீங்க?" என்றார்.

"அண்ணா, ஆர்பிஎம் கேபிளை எங்கே மாட்டறது? அதை மட்டும் சொல்லுங்க."

"எலக்ட்ரானிக் மீட்டர் ஒண்ணு போட்டுக்கலாங்க. பையனை அனுப்பறேன், ஃப்ரீயா மாட்டிக் கொடுத்துருவான்."

நேரில் போனபோது பேச்சு மாறிவிட்டது. போரிங் மெஷினில் வைத்தபோது என் பிளாக் விரிசல் விட்டுவிட்டதாம். வேலை கெடக் கூடாதே என்று வேறு பிளாக் போட்டாராம். சரி, அப்படியானால் எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? உடைந்த பிளாக் எங்கே? பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்கிறார். இரும்புக்குப் போகிற பிளாக்கில் இருந்து தகட்டை மட்டும் நெம்பி எடுத்து இன்னொன்றில் அடிப்பானேன்? அதற்குப் பதில் இல்லை. வாடிக்கையாளரைப் பார்த்து "உங்களுக்கு எஞ்சின் ஓடணுமா, நம்பர் வேணுமா?" என்று கேட்கிறார். எனக்கு அங்கேதான் தாங்கவில்லை. எனக்கு என் எஞ்சின் வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தச் சேஸிஸோடு சேர்ந்தே இருந்த எஞ்சின் அது.

நம்பர் வெறும் அழகுக்கு இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு கொண்டு வந்தார்கள். விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருந்தால் அது விண்டேஜ் ஆகாது. அது போகட்டும். ஒரு பிளாக்கின் தகடு இன்னொரு பிளாக்கில் இருக்கிறது என்று நாளைக்குச் சோதனையில் தெரிந்தால், நம்பரைத் திருத்தியவன் என்று நிற்கப் போவது வண்டிச் சொந்தக்காரன். பட்டறைக்காரர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். எஞ்சினை உண்மையாகவே மாற்றினால் ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இவர்கள் செய்தது என்னைத் தெரியாமலே குற்றத்தில் இழுத்துவிடுகிற காரியம்.

எல்லைப் பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. "கேஸ் போடணும்னா எங்க ஊருக்கு வந்துதான் போடணும்" என்று பட்டறையில் சொன்னார்கள். பழைய சட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாற்றிவிட்டார்கள். புகார் செய்கிறவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பட்டறை தமிழ்நாட்டில் இருந்தாலும் நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். முதலில் பேசிப் பார்க்கலாம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிளாக்கைக் காணோம் என்பதால் நம்பிக்கை மோசடி என்று போலீஸிலும் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். சம்பவம் வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும் நம் ஊர் ஸ்டேஷனிலேயே தகவல் கொடுக்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள்.

வக்கீல் சொன்ன முக்கியமான விஷயம், எஞ்சினை இனி நான் பிரிக்கவே கூடாது. கிராங்க் என்னுடையதா, கேம் ஷாஃப்ட் என்னுடையதா என்று பார்க்கக் கை துடிக்கிறது. ஆனால் நிபுணர் முன்னால் பிரித்தால்தான் சாட்சி. அதனால் பாலிதீன் சுற்றி ஷெட் மூலையில் அப்படியே கிடக்கிறது, வண்டி பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது.

இன்றைக்கு என் கையில் வலு இருக்கிறது என்றால் அது இரண்டு காகிதத்தாலும் கொஞ்சம் படங்களாலும்தான். அனுப்புவதற்கு முன் பிளாக்கை நான்கு பக்கமும் கழுவிப் படம் எடுத்தேன். தகட்டையும் ரிவெட்டையும் நெருக்கமாக, அந்தத் துளை தெரிகிற மூலையைத் தனியாக. ரசீதில் "எஞ்சின்" என்று மொட்டையாக எழுத விடாமல் நம்பரும் போர் அளவும் எழுத வைத்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: உலோகப் பஞ்ச் வைத்து, சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) உட்காரும் விளிம்புக்கு உள்பக்கமாக உங்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு புள்ளியைக் குத்தி வையுங்கள். பெயிண்ட் அதை மறைக்காது, தகட்டைப் போல நெம்பி எடுக்கவும் முடியாது. கழற்றிய பழைய பிஸ்டன், ரிங், பேரிங் ஷெல் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத பட்டறையில் வேலை கொடுக்க வேண்டாம். முடிந்தால் போரிங் நடக்கிற அன்றைக்குப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். நல்ல மெஷினிஸ்ட் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பொள்ளாச்சிப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துத்தான் வேலை செய்வாராம்.

என் பிளாக் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்தியாவில் எம்.ஜி.ஏ. சரிசெய்கிறவர்கள் தேடி அலைகிற பொருள் அது, யாருக்கோ நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டும். கோவை, பாலக்காடு, திருச்சூர், கொச்சி, சென்னை எங்கேயாவது 1489 சிசி எம்.ஜி. பிளாக் விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து பாருங்கள். இடதுபுறம் பின்கடைசியில் ஆர்பிஎம் கியருக்கான துளை இருக்கும். வலதுபுறம் நம்பர் தகடு இருக்காது, அல்லது புதிதாக அடித்த தகடு இருக்கும். முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் இடத்துக்குக் கீழே, பித்தளை வைத்து ஒட்டிய ஒரு விரல் நீளப் பழைய விரிசல் இருக்கும். நெல்லியாம்பதியிலேயே யாரோ ஒட்டியது, படத்தில் தெளிவாக இருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் காசு கொடுக்காதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நெருக்கமாக எடுத்த படங்களை உடனே அனுப்பி வைக்கிறேன்.