காதைத் தொட்டால் உறுமும் நாய்க்கு எந்தக் காது லோஷன்?

கடையில் நின்று காது லோஷன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தேடுவது, அழுக்கைக் கரைக்குமா, நாற்றம் போகுமா என்பதைத்தான். எங்கள் நாய் மிளகு மாதிரி ஒருத்தன் வீட்டில் இருந்தால் பார்க்க வேண்டியது வேறு. அழுத்தும்போது புஸ் என்று சத்தம் வருமா? வாடை எப்படி? பட்டால் எரியுமா? எவ்வளவு உசத்தியான லோஷனாக இருந்தாலும் நாய் காதைக் காட்டினால்தானே உள்ளே போகும்.

மிளகு, கறுப்பு காக்கர் ஸ்பானியல். மும்பை செம்பூரை விட்டு வெளிநாடு போன ஒரு குடும்பம், வளர்ந்த பிறகு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. சாப்பிடக் குனிந்தால் காது நுனி தட்டில் புரளும். அவ்வளவு நீளம். காதை மூடிக்கொண்டு தொங்கும் அந்த மடலுக்குள்ளே காற்றே போகாது. உள்ளேயும் முடி. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை துவைத்த பெட்ஷீட்டே காயாமல் நாறுகிற ஊர் இது. அவன் காது எப்படிக் காயும்? காக்கருக்கு இது பரம்பரைச் சொத்து என்றே சொல்கிறார்கள். மற்ற நாய்களைவிட மெழுகும் கூடுதலாகச் சுரக்குமாம்.

போன மழைக்கு முந்தின மழையில் தலையை உதறிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் வந்து படுத்தால் ஒரு புளித்த வாடை. மடலைத் தூக்கிப் பார்க்கப் போனால் முதலில் அப்படியே விறைத்து நிற்பான். அப்புறம் கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பான். அடுத்தது உறுமல். அதற்கு மேலே நாங்கள் போகவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். "ஏளா, தேங்கா எண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு. ஒம் மாப்பிள்ளைக்கும் சின்னதுல அப்படித்தான் விட்டேன்" என்றார். மாப்பிள்ளைக்குக் காது தொங்கவில்லையே அத்தை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் போய் விரலில் மாட்டித் துடைக்கிற ஈரத் துணி டப்பா ஒன்றும், பச்சை நிறத்தில் மூலிகை லோஷன் ஒன்றும் வாங்கி வந்தார். பூனாவில் இருக்கிற மகன் போனிலேயே, வாசலுக்கு வந்து நாயைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்கிற ஒரு க்ரூமிங் வேனுக்கு புக் பண்ணிவிட்டான்.

வேனைப் பற்றி முதலில். பெயர் வேண்டாம். வேன் பளபளப்பு, உள்ளே ஏசி, வெந்நீர், எல்லாம் சரி. வந்த பையன்கள் இரண்டு பேரும் மரியாதையான பையன்கள்தான். ஆனால் மிளகு ஒரு தடவை உறுமியதுமே வாயைப் பட்டித்துணியால் சுற்றிக் கட்டினார்கள். ஒருத்தன் கழுத்தை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தன் இடுக்கியால் காது முடியைப் பிடுங்கினான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு கதவைத் தட்டுகிறேன், ட்ரையர் சத்தத்தில் கேட்கவில்லை. திறந்தபோது மேடையிலேயே மூத்திரம் போயிருந்தான். "மேடம், டாக் அக்ரெஸிவ் ஹை" என்று எனக்கே புத்தி சொன்னார்கள். பில்லில் காது சுத்தம் தனிக் கட்டணம். அன்றிலிருந்து டர்க்கி டவலைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில்.

வாயைக் கட்டினால் நாயால் வாயைத் திறந்து இரைக்க முடியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கே தெரியாமல் இருக்கிறதே என்றுதான் ஆச்சரியம். நாய்க்கு வியர்வை பேருக்குத்தான், பாதத்தில். சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதால். பயத்தில் உடம்பு சூடேறுகிற நேரத்தில் வாயையும் கட்டினால் என்ன ஆகும்? முடி பிடுங்குவதும் அப்படித்தான். பிடுங்கிய இடம் புண்ணாகி வீங்கினால் அதிலேயே தொற்று ஏறும். தேவையில்லாமல் பிடுங்கக் கூடாது என்று எங்கள் டாக்டர் பிறகு சொன்னார்.

பழைய பம்பாய்க்காரர்கள் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் பரேலுக்குத்தான் போவார்கள். பாய் சகர்பாய் ஆஸ்பத்திரி அங்கே. 1886-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியும் அதே வளாகத்தில். மிளகை டாக்சியில் ஏற்றி சயான் நெரிசலைத் தாண்டி அவ்வளவு தூரம் போகிற தெம்பு எங்களுக்கு இல்லை. செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் சின்னதாக க்ளினிக் வைத்திருக்கிற டாக்டரிடம் போனோம். அவர் செய்த முதல் நல்ல காரியம், மிளகைத் தொடாதது. தரையில் உட்கார்ந்துகொண்டு எங்களிடம் பேசினார். அப்புறம் லேசாக மயக்க ஊசி போட்டு, விளக்கு வைத்த கருவியால் காதின் ஆழம் வரை பார்த்தார். குச்சியில் அழுக்கெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நிலக்கடலை வடிவத்தில் ஊதா நிறப் புள்ளிகள். மலசீசியா என்கிற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சையாம். தோலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான், ஈரமும் மெழுகும் கிடைத்தால் பெருகிவிடுமாம். அந்த மயக்கத்திலேயே காதை முழுசாகக் கழுவி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் காதில் எதையும் ஊற்றக் கூடாது. ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காது வரை இறங்கிக் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடும். தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது, நடை தள்ளாடுகிறது, சீழோ ரத்தமோ வருகிறது, மடல் பந்தாக வீங்கியிருக்கிறது என்றால் லோஷன் கதையெல்லாம் அப்புறம். முதலில் டாக்டர். அடிக்கடி திரும்பி வந்தால் அடியில் அலர்ஜி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காதை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் தீராது.

சொட்டு மருந்து முடிந்த பிறகு வீட்டில் சுத்தம் செய்ய அவர் எழுதியது விர்பாக் கம்பெனியின் எபி-ஓடிக். பிரெஞ்சுக் கம்பெனி. விலையைப் பார்த்து வீட்டுக்காரர் மூலிகைப் பச்சையை எடுத்து ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். அந்தப் பச்சையில் ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைக்கும். சிவந்த தோலில் ஸ்பிரிட் பட்டால் நமக்கே எரிகிறது. மூடியைத் திறந்ததுமே மிளகு அடுத்த ரூமுக்குப் போய்விடுவான். எபி-ஓடிக்கில் சாலிசிலிக் அமிலம் கொஞ்சம் இருக்கிறது, கழுவிய காதைக் காய வைக்க. வாடை மிதமானது. திறந்தால் அவன் மோந்து பார்த்துவிட்டு நிற்கிறான். எங்கள் வீட்டுக்கு அதுவே பெரிய சர்டிஃபிகேட்.

ஊற்றும் விதம் மற்ற நாய்க்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று. லேபிளில் போட்டிருப்பது எல்லா லோஷனுக்கும் பொதுவானதுதான். காது நிறைய ஊற்று, அடியில் பிசைந்து விடு, உதற விடு, துடை. தொடவிடாத நாயின் காதில் திடீரென்று திரவம் இறங்கும் உணர்ச்சியும், பாட்டிலைப் பிழியும் சத்தமும்தான் முதல் எதிரி. அதனால் நான் நேராக ஊற்றுவதே இல்லை. பஞ்சைக் கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டையாக உருட்டி, சொட்டச் சொட்ட நனைத்து, காது வாசலில் வைத்து, மடலை மூடி, அடியில் விரலால் மெதுவாக அழுத்துவேன். பஞ்சிலிருந்து லோஷன் தானாக உள்ளே இறங்கும். உள்ளே சளக் சளக் என்று கேட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சை எடுத்துவிட்டுக் கையை விட்டால் ஒரு உதறு உதறுவான் பாருங்கள், பாத்ரூம் டைல்ஸ் முழுக்கப் பழுப்புப் புள்ளி. ஹாலில் செய்தால் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். அப்புறம் காய்ந்த பஞ்சால், விரல் எட்டுகிற வரை துடைப்பது. அவ்வளவே. அதற்கு மேல் பஞ்சை உள்ளே திணிக்கக் கூடாது. பாட்டிலை முன்னாலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிடுவேன். சில்லென்று பட்டால் எந்த நாயும் துள்ளும்.

காதுக் குச்சியை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாயின் காதுக் குழாய் நம்முடையது மாதிரி நேராகப் போகாது. கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக வளையும், ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி. குச்சி விட்டால் அழுக்கு அந்த மூலையில் போய் அடைந்துகொள்ளும். நாய் தலையைத் திருப்பிய நேரத்தில் குச்சி எங்கே போய்க் குத்தும் என்று சொல்லவே வேண்டாம். கீழே தங்கிய அழுக்கை மேலே கொண்டு வருவது லோஷனும் நாயின் உதறலும்தான்.

இதெல்லாம் மிளகு நின்றால்தானே? அதற்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தது, அமுக்கிப் பிடிப்பதற்கு நேர் எதிர். பாத்ரூமில் உட்கார்ந்து துணி துவைக்கிற பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறதே, அதில் தாடையை வைக்கப் பழக்கினேன். தாடை வைத்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. தாடை அங்கேயே இருக்கிற வரைதான் என் கை காதில். தலையைத் தூக்கினால் கையை எடுத்துவிட வேண்டும், கெஞ்சலும் கிடையாது, அதட்டலும் கிடையாது. முதலில் தோளைத் தொடுவது மட்டும். பிறகு கன்னம். பிறகு மடலைத் தூக்கிக் கீழே விடுவது. காய்ந்த பஞ்சு, நனைந்த பஞ்சு. இதற்குள் மழைக்காலத்தில் பாதி போய்விட்டது. ஆனால் 'போதும்' என்று சொல்ல அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு உறுமுவதற்கு அவசியமே வரவில்லை. மாமியாரால் இதை ஏற்க முடியவில்லை. "நாய்கிட்ட உத்தரவு கேக்குற வீட்ட இப்பத்தான் பாக்கேன்" என்று திருநெல்வேலிக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடையில் டாக்டரிடம் போகும்போது வாய்க்கூடு தேவைப்பட்டது. கடையில் மஸில் கேட்டால் வாயை இறுக்கி மூடுகிற நைலான் உறையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அதுவும் வேன்காரர்களின் பட்டித்துணியும் ஒன்றே. கூடை மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் மஸில் கேளுங்கள். உள்ளே வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பி இடுக்கு வழியாக நாம் கோழி ஊட்டலாம். காக்கரின் மூக்கு நீளத்தையும், கண்ணுக்குக் கீழே மூஞ்சிச் சுற்றளவையும் டெய்லர் டேப்பால் அளந்துகொண்டு போனால் மாற்றுகிற வேலை மிச்சம். உள்ளே தயிர் தடவி வைத்தேன், தானாக மூஞ்சியை விட்டான். கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இனிப்பு நாய்க்கு விஷம். மஸில் போட்டுவிட்டோம், இனிப் பிடித்து அமுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அது டாக்டர் விரலுக்குக் காவல், அவ்வளவுதான்.

லோஷன் பற்றி இன்னும் இரண்டு விஷயம். அது மருந்தில்லை. தொற்று இருந்தால் குணப்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சுத்தமாக இருக்கிற காதைச் சுத்தமாக வைத்திருக்கும். சொட்டு மருந்தும் ஓடுகிற நாட்களில் முதலில் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் சொட்டு. அடுத்து, நல்லதுதானே என்று தினமும் கழுவினால் தோல் ஊறிப்போய் அதுவே புதுத் தொல்லை. மழைக்காலத்தில் எங்களுக்கு வாரம் ஒரு தடவை, குளிப்பாட்டிய அன்று. நவம்பர் வந்தால் இன்னும் தள்ளிப் போடுவேன். உங்கள் நாய்க்கு எத்தனை என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பாட்டில் மூக்கு காதில் பட்டால் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை அழுக்கைத்தான் ஊற்றுவோம். வாங்கும்போது காலாவதித் தேதி பார்க்கவும். கடையில் வெயில் படுகிற ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் கொடுத்தால் உள்ளேயிருந்து வேறு கேளுங்கள்.

பச்சை லோஷனைக் குப்பையில் போட்டாகிவிட்டது. விரல் துணி டப்பா அப்படியே இருக்கிறது. காதின் வெளிமடலைத் துடைக்கலாம், ஆழத்துக்கு உதவாது, மிளகுக்கு அந்த உரசலும் பிடிக்கவில்லை. மழையில் நடந்துவிட்டு வந்தால் அவன் பாதம் துடைக்க ஆகிறது. செம்பூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி டப்பா தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.