முருகைக்கல் சுவருக்குச் சீமெந்தா, சுண்ணாம்பா?

1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த யாழ்ப்பாணக் கோட்டையும், நம் ஊர்களில் மிஞ்சியிருக்கும் பழைய நாற்சார் வீடுகள் பலவும் முருகைக்கல்லில், அதாவது கடலின் பவளப்பாறைக் கல்லில், எழுந்தவை. கறுத்து உதிரும் அந்தச் சுவர்களுக்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, பழைய பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசிப் பெயின்ற் அடிப்பது. மற்றது, உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, மிச்சத்தை அதன் வயதோடு விடுவது.

சீமெந்து வேலை கெதியில் முடியும், மேசன்மாரும் தாராளம். கேடு உள்ளே நடக்கிறது. முருகைக்கல்லில் கடலுப்பு உண்டு. ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புக் கரையும், குறைந்தால் திரும்ப மணியாக உறையும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பும் அதோடு வந்து பூச்சைத்தான் உதிர்க்கும். சீமெந்து வழியை அடைத்தால் உப்புக் கல்லுக்குள்ளேயே உறைந்து கல்லை மாவாக்கும். அடிச்சுவரில் நாலடிக்குச் சீமெந்து பூசிய வீட்டைப் பாருங்கள்: ஈரம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும், விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். சீமெந்தைத் தட்டிக் கழற்றினால் கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. சுவரை முதல் நாளே நனைத்து, ஒரு படைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, ஒரு கிழமையாவது ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் பூசினால் அவசரமாகக் காய்ந்து வெடிக்கும். ஒட்டுப்போட்ட இடம் முதலில் பளிச்சென்று தெரியும். பழைய சாந்தின் மணலுக்கு ஒத்த நிறமும் பருமனும் பார்த்து எடுத்தால் ஒரு மாரிக்குப் பிறகு அடங்கிவிடும்.

வயதின் தடயமே மனதைத் தொடுகிறது என்று 1903இல் வியன்னாவின் கலை வரலாற்றறிஞர் அலோயிஸ் ரீகல் அதற்குப் ‘பழமை மதிப்பு’ என்று பெயர் வைத்தார். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விடச் சொல்லவில்லை நாம். பாசிக் கறுப்பு பெரும்பாலும் தோலோடு நிற்பது; உறுத்தினால் தும்புத் தூரிகையும் தண்ணீரும் போதும். அசிட் ஊற்றினால் நுரைத்துப் போவது அழுக்கல்ல, கல்லேதான். வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அடியில் அறுத்து, வேரைச் சாகவிட்ட பிறகே வெடிப்பை அடையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கூரை ஓடுகளையும் மழைநீர்ப் பீலியையும் திருத்துங்கள். மேலே இருந்து மழை இறங்கும் சுவரில் எந்தப் பூச்சும் நில்லாது.