நனைமோ கடலில் வசந்தகாலச் சினூக்: பல ஆண்டு அனுபவம்

கனடாவின் வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில், நனைமோவுக்கு வெளியே உள்ள ஜார்ஜியா நீரிணையில் வசந்தகாலத்தில் சினூக் என்னும் சால்மன் வகை மீனைப் பிடிப்பதற்காகப் படகும் கருவிகளும் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். மார்ச் மாதத்துக்காக வாங்குவதென்றால் வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களை நினைத்து வாங்குவதென்றால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். சிறிய அலுமினியப் படகில் பல வசந்தங்களைக் கழித்த பிறகும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை.

இங்கே இந்தப் பருவத்தில் கிடைப்பது முட்டையிட ஆறு நோக்கிப் போகும் மீன் அல்ல. குளிர்காலம் முழுவதும் நீரிணையில் தங்கி, தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் இளம் சினூக். பெரும்பாலும் 3 முதல் 6 கிலோ வரை இருக்கும். கோடையில் வரும் பெரிய மீனைவிட இதன் கொழுப்பும் ருசியும் ஒரு படி மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இதை மார்ச்சில் வறுத்துச் சாப்பிட்டதில்லை.

காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எதையும்விட அதுதான் இந்தப் பருவத்தைத் தீர்மானிக்கிறது. தாழ்வழுத்தம் வரும்போது தென்கிழக்கிலிருந்து அடிக்கும். அது கடந்ததும் வடமேற்குக்குத் திரும்பும். நீரிணை நீளவாக்கில் கிடப்பதால் இரண்டுக்குமே அலை எழுப்ப வேண்டிய நீளம் தாராளமாகக் கிடைக்கிறது. நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் நேரத்தில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுந்து சிறு படகின் மூக்கில் அறையும். கனடா வானிலைத் துறை கடல் முன்னறிவிப்பை நனைமோவுக்கு வடக்கு, நனைமோவுக்குத் தெற்கு என்று இரண்டாகப் பிரித்து வெளியிடுகிறது. எல்லைக்கோட்டிலேயே குடியிருக்கும் எங்களுக்கு இரண்டையும் படித்து, மோசமானதை நம்ப வேண்டியிருக்கிறது. காற்று 20 நாட் வேகத்தை (மணிக்கு 20 கடல் மைல்) தொட்டால் பலத்த காற்று எச்சரிக்கை வரும். நான் 15 என்றாலே படகை இறக்குவதில்லை. முன்னறிவிப்பைவிட எனக்கு அதிகம் உதவுவது அந்த நேரத்து நிலவரம்தான்: எண்ட்ரன்ஸ் தீவுக் கலங்கரை விளக்கம் தரும் காற்று விவரமும், ஹாலிபட் பேங்க் மிதவை காட்டும் அலை உயரமும். மிதவையில் அரை மீட்டருக்குக் கீழே இருந்தால் கிளம்பலாம். மார்ச்சில் நீர் எட்டு, ஒன்பது டிகிரிதான் இருக்கும் என்பதால் மிதவை அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

கரையோர மரக்கட்டைகள் இன்னொரு தலைவலி. பெரிய ஓத ஏற்றத்தில் கடற்கரையில் கிடக்கும் கட்டைகள் மிதந்து வெளியே வந்துவிடும். சில நீருக்குள் செங்குத்தாக நின்று, நுனியை மட்டும் காட்டும். விடிவதற்கு முன் வேகமாக ஓட்டுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

ஓதத்தைப் பொறுத்தவரை, பெரிய ஏற்ற வற்றங்களில் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் மிகத் தாழ்ந்த வற்றம் இரவில் வருகிறது, கோடையில் பட்டப்பகலில். இடையில் மாட்டிக்கொண்ட வசந்தத்தில் பகல் நேர நீரோட்டம் வாரத்துக்கு வாரம் குணம் மாறுகிறது. அதனால் போன வாரம் எட்டு மணிக்குக் கடித்தது என்ற கணக்கு இந்த வாரம் செல்லாது. நீர் திரும்புவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மணி நேரத்தை நம்பிப் போவதே நல்லது.

மார்ச்சின் நடுவில், சினூக்கின் இரையான ஹெர்ரிங் என்னும் சிறுமீன் முட்டையிடும். பார்க்ஸ்வில் பக்கத்திலிருந்து டென்மன், ஹார்ன்பி தீவுகள் வரை கரையோர நீர் பால் கலந்த பச்சை நிறமாகிவிடும். வணிகப் படகுகளும் கடற்சிங்கங்களும் கழுகுகளும் ஒரே இடத்தில் திருவிழாக் கூட்டம்போல் கூடும். புதிதாக வருபவர்கள் நேராக அங்கே ஓடுவார்கள். நான் போவதில்லை. தின்பதற்கு அவ்வளவு இருக்கும்போது என் தூண்டில் தகட்டை எந்த மீன் தேடி வரும்? தப்பித் தவறி மாட்டினாலும் கடற்சிங்கம் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். கூட்டத்திலிருந்து விலகி, ஃபைவ் ஃபிங்கர், ஸ்னேக் தீவுகளுக்கு வெளியே உள்ள சரிவுகளில் தூண்டிலைப் படகின் பின்னே இழுத்தபடி பொறுமையாக ஓட்டுவதே பலன் தந்திருக்கிறது.

பிடித்த முதல் மீனின் இரைப்பையை அங்கேயே அறுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஹெர்ரிங் இருந்தால் நடுநீரிலும் தேடலாம். பென்சில்போல் மெலிந்த, வெள்ளி விலாவுள்ள சாண்ட் லான்ஸ் என்னும் சிறுமீன் அடுக்கடுக்காகத் திணிந்திருந்தால் மீன் தரையோடு ஒட்டி மேய்கிறது என்று பொருள். அப்போது தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும் ஈயக்குண்டு மணலைத் தொட்டுத் தொட்டு எழும்ப வேண்டும். 150 அடி ஆழத்தில் அதற்குக் கை ஓயாமல் வேலை இருக்கும்.

கருவிகளில் முக்கியமானது டவுன்ரிகர், அதாவது ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்கும் உருளை. மின்சாரத்தில் இயங்குவதையே வாங்குங்கள். கையால் சுற்றுவது முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். பிறகு தோள்பட்டை நினைவூட்டும். எஃகுக் கம்பியில் இழை பிரிந்தால் விரலைக் கிழிக்கும் என்பதால் பின்னல் கயிற்றுக்கு மாறினேன், திரும்பிப் போகவில்லை. 12 பவுண்டு குண்டு எனக்குப் போதும். மீனை ஈர்க்கச் சுழலும் பளபளப்புப் பலகையான ஃபிளாஷருக்குப் பின்னால் ஆறு அடி தூண்டில் நரம்பு, 3 அங்குலப் பச்சை வெள்ளி ஸ்பூன், அதாவது தூண்டில் தகடு. இதைவிடச் சிக்கலான எதுவும் என் பெட்டியில் நீடித்ததில்லை. வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள். அது தரைமேல் நகரும் வேகம், நீரோட்டத்தை அறியாது. கயிறு பின்னோக்கிச் சாயும் கோணத்தைப் பாருங்கள். கரை திரும்பியதும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குறிப்பாக மின் இணைப்புகளை. உப்பு அங்கேதான் முதலில் தின்னும்.

ஏப்ரலில் நிலைமை மாறிவிடுகிறது. வெயில் ஏற ஏற மிதவை உயிரிகள் பெருகி நீர் பச்சையாகக் கலங்கும். கயிற்றில் வழவழப்பு படிந்து, கிளிப்பும் ஸ்பூனும் சளி பூசியதுபோலாகும். அதைவிட முக்கியம் விதிமுறை. ஃபிரேசர் ஆற்றுக்கு வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் திரும்பும் சினூக் மந்தைகள் மிகவும் குறைந்துபோனதால், 2019 முதல் தென்பகுதிக் கடல்களில் பல இடங்களில் ஏப்ரலிலிருந்து ஜூலை நடு வரை, சில இடங்களில் அதற்கு மேலும், சினூக்கை வைத்துக்கொள்ள அனுமதிப்பதில்லை. பகுதிக்குப் பகுதியும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும் என்பதால் கிளம்பும் முன் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த மாதங்களில் சிலர் பிடித்துவிட்டு விடுவிக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆழத்திலிருந்து இழுத்த மீன் எல்லாம் பிழைப்பதில்லை.

மார்ச்சிலும் 62 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், தூண்டில் முள்ளில், மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்முள் இருக்கக் கூடாது. இதனால் நிறைய மீன் தப்பிக்கும் என்று அஞ்ச வேண்டாம், நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் போதும். சிறியவற்றைப் படகுக்குள் தூக்காமல், நீரிலேயே முள்ளைத் திருப்பிக் கழற்றிவிடலாம்.

நனைமோவுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. நானூஸ் விரிகுடாவிலிருந்து இயங்கும் கடற்படைச் சோதனைக் களம், ‘விஸ்கி கோல்ஃப்’ என்பார்கள், டார்பிடோ சோதனை நடக்கும் நாட்களில் நீரிணையின் ஒரு பெரும் பகுதியை மூடிவிடும். வார நாட்களில் போகிறவர்கள் வானொலி அறிவிப்பைக் கேட்காமல் உள்ளே நுழைந்தால் ரோந்துப் படகு வந்து திருப்பி அனுப்பும்.

மார்ச் 31 அன்று மீன்பிடி உரிமம் காலாவதியாகிறது. நானும் அன்றோடு டவுன்ரிகரைக் கழற்றி, எண்ணெயிட்டு, கொட்டகையில் வைத்துவிடுகிறேன். புது உரிமம் எடுத்தபின் படகில் ஏறுவது நண்டு பிடிக்கும் கூடுகள்தான்.