வெண்டாவின் முதல் அஞ்சல்தலைத் தொகுப்பு, 1979: வாங்குவோருக்கான மதிப்புரை

மொத்தம் நான்கே ஸ்டாம்ப்கள். 4, 15, 20, 25 சென்ட் என முகமதிப்பைக் கூட்டினால் 64 சென்ட். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு, கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய ‘ஹோம்லேண்ட்’ பகுதிகளில் ஒன்றான வெண்டாவைச் ‘சுதந்திர நாடு’ என்று அறிவித்த 1979 செப்டம்பர் 13 அன்றே இவை வெளியாயின. 4 சென்ட்டில் கொடியும் செங்கோலும், 15-இல் தலைநகர் தொகோயண்டூவின் அரசுக் கட்டடங்கள், 25-இல் அரசுச் சின்னம். 20 சென்ட்டில் இருப்பவர் பேட்ரிக் ம்பெஃபு. இந்தத் தொகுப்பை வாங்கக் காரணம் அந்த ஒரு ஸ்டாம்ப்தான்.

ஸ்டாம்ப் அட்டவணைகள் (கேட்டலாக்) அவரை முதலமைச்சர் ம்பெஃபு என்றே பதிவு செய்கின்றன. ஸ்டாம்ப் விற்பனைக்கு வந்த அதே நாளில் அவர் குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார். ஆக, வெளியான அன்றே பழையதாகிப்போன ஒரு பதவியோடு அட்டவணையில் நிற்கும் ஸ்டாம்ப் இது.

யார் இவர்? இவருடைய முன்னோரான முதலாம் ம்பெஃபு, வெண்டா மன்னர் மகாடோவின் மகன். 1898-இல் டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு படையெடுத்தபோது தோற்று, லிம்போபோ ஆற்றைக் கடந்து இன்றைய ஜிம்பாப்வே பக்கம் போனவர். அந்த வழியில் வந்த பேட்ரிக் 1950-இல் தலைமைப் பீடம் ஏறினார். வெண்டா மக்கள் அனைவருக்கும் அவர் ஒருவரே அரசர் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. த்ஷிவாசே, ம்பாபுலி வம்சங்கள் தங்களைத் தனித்த அரச மரபாகவே கருதின. பிரிட்டோரியாவில் இருந்த தென்னாப்பிரிக்க அரசின் ஹோம்லேண்ட் திட்டத்துக்கோ உச்சியில் ஒரே ஆள் தேவைப்பட்டார். 1973-இல் ம்பெஃபு முதலமைச்சரானார்.

தேர்தல் கணக்கைப் பார்த்தால் அந்தப் பதவி எதன்மேல் நின்றது என்று புரியும். 1973-இல் தேர்தல் நடந்த 18 இடங்களில் 13-ஐ வென்றது பால்ட்வின் முடாவின் எதிர்க்கட்சி. 1978-இல் 42-க்கு 31. இரண்டு முறையும் மக்கள் வாக்கில் தோற்றவர் ம்பெஃபு. தேர்தலில் நிற்காமல் பதவிவழி அவைக்கு வந்த இனக்குழுத் தலைவர்களும் நியமன உறுப்பினர்களும்தான் அவரைக் காப்பாற்றினார்கள்; 1978-இல் எதிர்க்கட்சியினர் பலர் காவலிலும் வைக்கப்பட்டார்கள். பிறகு வாழ்நாள் குடியரசுத் தலைவர் என்ற பட்டம். 1988-இல் இறக்கும்வரை பதவி அவரிடமே இருந்தது. இதில் எதையும் அந்த 20 சென்ட் உருவப்படம் சொல்லாது. இத்தொகுப்பின் மிகப்பெரிய குறை இதுவே. ஆல்பத்தில் ஒட்டும்போது பக்கத்தில் இந்த எண்களையும் எழுதி வையுங்கள்.

இனி பொருளின் தரம். அச்சு நேர்த்தி. வண்ணங்கள் இன்றும் மங்கவில்லை. பெரும்பாலும் பாதிக்கப்படுவது பசைப் பக்கம்தான். ஈரமான இடத்தில் இருந்த பிரதிகளில் துளைப்பற்களின் (ஓரத்துப் பல் விளிம்பு) நுனி முதலில் பழுப்பேறும், பிறகு பசையில் புள்ளிகள் விழும். ஆகவே ஸ்டாம்பைக் கவிழ்த்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்ட உதவும் சிறு பசைத்தாள்) ஒட்டி எடுத்த தடம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். இது ஏராளமாகக் கிடைக்கும் தொகுப்பு. குறையுள்ள பிரதிக்கு முழு விலை தரவே கூடாது. பி.வி.சி. உறைகளில் சேமித்தால் அவற்றின் இளக்கிப் பொருள் கசிந்து வண்ணத்தையும் பசையையும் கெடுக்கும். பாலியெஸ்டர் மவுண்ட் (ஸ்டாம்பைச் செருகி வைக்கும் உறை) நல்லது.

ஏராளமாகக் கிடைப்பதற்குக் காரணம், ஹோம்லேண்டுகளின் ஸ்டாம்ப்கள் பெருமளவு சேகரிப்பாளருக்காகவே விற்கப்பட்டன என்பது. பிரிட்டோரியாவில் இருந்த இன்டர்சாபா முகமை வழியே அவை உலகெங்கும் போயின. தென்னாப்பிரிக்காவும் அதேபோல் ‘சுதந்திரம்’ பெற்ற மற்ற ஹோம்லேண்டுகளும் தவிர வேறெந்த நாடும் வெண்டாவை அங்கீகரிக்கவில்லை. ஸ்டான்லி கிப்பன்ஸ் அட்டவணையிலும் தென்னாப்பிரிக்காவின் பின்பகுதியில்தான் தேட வேண்டும்.

முதல் நாள் உறை (ஸ்டாம்ப் வெளியான நாளின் முத்திரையிட்ட உறை) வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முகவரி இல்லாத, நான்கு ஸ்டாம்பும் வரிசையாக ஒட்டி அழகாக முத்திரையிட்ட உறைகள் தபாலில் பயணித்தவை அல்ல. பார்க்க நன்றாக இருக்கும். மறுவிற்பனையில் ஒன்றும் தேறாது. உதிரி ஸ்டாம்பிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு மூலையில் மட்டும் துல்லியமான கால்வட்ட முத்திரை, பின்னால் பசை அப்படியே இருந்தால், அது விற்பனைக்கென்றே முத்திரையிடப்பட்டது.

தேட வேண்டியது சிபாசா, தொகோயண்டூ, ட்ஸானானி அஞ்சலகங்களின் முத்திரையோடு உண்மையாகவே போய்ச் சேர்ந்த கடித உறைகள். அன்றைய சாதாரண உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 4 சென்ட் என்பதால் கொடி ஸ்டாம்ப் ஒட்டிய உறை கிடைத்துவிடும். ம்பெஃபுவின் 20 சென்ட் தனியாக ஒட்டிய உறை அவ்வளவு எளிதில் அகப்படாது. கிடைத்தால் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறை, முகவரி, தேதி, கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் அதன் மதிப்பு.

புதிய தொகுப்பு ஒன்று போதும். மிச்சப் பணத்தை உறைகளுக்கு வைத்திருங்கள். 1990 ஏப்ரல் 5-இல் ராணுவ அதிகாரி காப்ரியேல் ராமுஷ்வானா ஆட்சியைக் கைப்பற்றிய வாரத்து உறை, 1994 ஏப்ரல் 27-இல் வெண்டா மீண்டும் தென்னாப்பிரிக்காவோடு இணைந்ததற்கு முந்தைய நாள்களின் உறை ஆகிய இரண்டையும் இந்த நான்கோடு சேர்த்து வைத்தால், அந்தக் குடியரசின் தொடக்கமும் முடிவும் ஒரே பக்கத்தில் அடங்கும்.