ஃப்ரீக்வென்சியில் ஒன்பது ஆண்டு மழைக் கணக்கு

வாழவந்தியில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மழைமானி அளவுகளை எக்செல்லில் வகைவாரியாக எண்ண, எந்த எல்லைக்குள் எத்தனை அளவுகள் வருகின்றன என்று எண்ணித் தரும் ஃப்ரீக்வென்சி (FREQUENCY) என்ற சார்பு போதுமா என்று சென்ற வாரம் கேட்டார். நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் தினமும் காலை 8.30 மணிக்கு அளக்கும் மழையை ஒன்பது ஆண்டுகளாக நான் அதில்தான் எண்ணி வருகிறேன். அவருக்குக் காட்டுவதற்காகப் பழைய கோப்பைத் திறந்தபோதுதான் அதிலிருந்த பிழை கண்ணில் பட்டது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். 15.6 முதல் மிதமான மழை, 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. நானும் இந்த எண்களையே எல்லைகளாகக் கொடுத்திருந்தேன். ஃப்ரீக்வென்சியோ நாம் தரும் எண்ணை ஒரு வகையின் முடிவாக எடுத்துக்கொள்கிறது. எனவே சரியாக 2.5 பெய்த நாள் மழை நாளில் சேராமல், அதற்குக் கீழே உள்ள தூறலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டுத்தொகை ஒவ்வோர் ஆண்டும் சரியாகவே வந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழைக்காக மார்ச், ஏப்ரலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு மழை நாளையும் விரல்விட்டு எண்ணுகிறவர்களுக்கு இது சிறிய பிழை அன்று. இப்போது 2.45, 15.55, 64.45 என்று எல்லைகளை மாற்றி வருகிறேன். எங்கள் மழைமானி ஒரு தசம இடம் வரைதான் காட்டும் என்பதால் எந்த அளவும் எல்லைக் கோட்டின்மேல் விழாது.

இன்னொரு குறையும் உண்டு. யாராவது "3.2 மி.மீ." என்று அலகோடு சேர்த்துத் தட்டிவிட்டால், ஃப்ரீக்வென்சி அந்தக் கட்டத்தை எழுத்தாகக் கருதி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவிடும். விடைகளின் கூட்டுத்தொகையை, வெற்றாக இல்லாத கட்டங்களை எல்லாம் எண்ணும் கவுண்டா (COUNTA) சார்பு தரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் இது தெரியவரும்.

ஆனாலும் ஓராண்டின் 365 கட்டங்களை ஒரே வாய்பாட்டில் பிரித்துத் தருவது பெரிய வசதி. கடைசி எல்லையையும் தாண்டிய அளவுகளுக்குக் கூடுதலாக ஒரு கட்டத்தைத் தானே ஒதுக்குகிறது. அளக்கத் தவறிய நாளின் வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக எண்ணி வறண்ட நாட்களில் சேர்ப்பதில்லை. இந்த நேர்த்திக்காகவே அதை விடாமல் வைத்திருந்தேன். முன்பெல்லாம் விடை வரவேண்டிய கட்டங்களை முதலில் தேர்ந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. புதிய பதிப்பில் விடைகள் தாமாகவே கீழே விரிகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பருக்கு, நாம் எழுதும் நிபந்தனைகளுக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் கவுண்டிஃப்ஸைத்தான் (COUNTIFS) சொன்னேன். ஒவ்வொரு வகைக்கும் தனி வாய்பாடு எழுத வேண்டும் என்றாலும், எல்லை எண் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதை அங்கே நம் கையாலேயே எழுதுகிறோம். என் கோப்பில் ஃப்ரீக்வென்சி அப்படியேதான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளின் தாள்களைத் திருத்திவிட்டேன், இன்னும் நான்கு பாக்கி இருக்கின்றன.