எக்ஸ்எஃப்சிஇயா, எல்எக்ஸ்க்யூட்டியா, மாட்டேயா?

பழைய கணினியில் லினக்ஸ் போட முடிவு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது, 'எந்த டெஸ்க்டாப் குறைவாக ராம் தின்னும்?' என்பதுதான். மெனு, பட்டை, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த திரை முகப்பைத்தான் டெஸ்க்டாப் என்கிறோம்; லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி, மாட்டே என்று பல உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பிரௌசரில் நாலைந்து டேப் திறந்தாலே, டெஸ்க்டாப்பில் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அளப்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பதறுவார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமை, திறந்த கோப்புகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தியை.

எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் ஒலிவியே ஃபூர்டான் தொடங்கியது. 4.16, 4.18, 4.20 என்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அவசரமே இல்லாமல் வருகிறது. இன்று பழகிய மெனு நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். அதன் கோப்பு மேலாளர் துனாரில் நூறு படங்களின் பெயரை ஒரே மூச்சில் மாற்றலாம். 4.18-இலிருந்து ஜன்னலை இரண்டாகப் பிரித்தும் வேலை செய்யலாம். எரிச்சலும் உண்டு. சில தீம்களில் ஜன்னலின் ஓரம் முடி அளவுதான் இருக்கும்; மவுஸால் பிடித்து இழுப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி வலது பட்டனால் இழுங்கள், ஓரத்தைத் தேட வேண்டியதே இல்லை.

எல்எக்ஸ்க்யூட்டி, எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பின் க்யூட்டி வடிவமும் ரேஸர்-க்யூட்டி என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் சேர்ந்து பிறந்தது. க்யூட்டி என்பது பட்டன், மெனு போன்றவற்றை வரைய மென்பொருள்கள் பயன்படுத்தும் நூலகம். முதல் வெளியீடு 2014-இல். 2024-இல் வந்த 2.0 க்யூட்டி 6-க்கு மாறிவிட்டது, 2.1-இல் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டும் சேர்ந்தது. ஜன்னல்களை நகர்த்தி, அளவு மாற்றித் தரும் ஜன்னல் மேலாளர் இதற்கென்று சொந்தமாகக் கிடையாது. ஓப்பன்பாக்ஸ், எக்ஸ்எஃப்டபிள்யூஎம், கேவின் என்று எதை வேண்டுமானாலும் பொருத்தலாம். நோண்டிப் பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு அமைப்புகள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதாகத்தான் தோன்றும்.

இந்த இரண்டுக்கும் நடுவே முடிவைத் தீர்மானிப்பது நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்கள்தான். எக்ஸ்எஃப்சிஇ, க்யூட்டி போன்றே இன்னொரு நூலகமான ஜிடிகேயில் எழுதப்பட்டது, எல்எக்ஸ்க்யூட்டி க்யூட்டியில். எல்எக்ஸ்க்யூட்டியைப் போட்டுவிட்டு நாள் முழுக்க ஜிடிகே மென்பொருள்களையே ஓட்டினால் இரண்டு நூலகங்களும் ராமில் ஏறி உட்காரும். அப்புறம் மிச்சம் எங்கே? வீடியோ தொகுக்கும் கேடென்லைவ், படம் வரையும் கிரிட்டா போன்ற க்யூட்டி மென்பொருள்களே உங்கள் உலகம் என்றால் கணக்கு அப்படியே எல்எக்ஸ்க்யூட்டிக்குச் சாதகமாகத் திரும்பும்.

மாட்டே பற்றி நீட்ட ஒன்றுமில்லை. க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் 3-ஆம் பதிப்பு பிடிக்காமல் க்னோம் 2-இலிருந்து 2011-இல் கிளைத்தது. மேலும் கீழும் பட்டை இருந்தால்தான் கை ஓடும் என்பவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். எல்எக்ஸ்டிஇ இன்னும் கிடைக்கிறது, உண்மையிலேயே இலகுவானதுதான். ஆனால் அது நம்பியிருந்த ஜிடிகே 2-க்கான ஆதரவு 2020-இலேயே முடிந்துவிட்டது. புதிதாக நிறுவ நான் சொல்ல மாட்டேன்.

4 ஜிபி ராம் இருந்தால் என் ஓட்டு எக்ஸ்எஃப்சிஇக்கே. 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூட்டி, கூடவே ராமில் உள்ளதைச் சுருக்கி வைத்து இடம் மிச்சப்படுத்தும் இசட்ராம். 1 ஜிபிதான் என்றால் முழு டெஸ்க்டாப்பை மறந்துவிட்டு ஐஸ்டபிள்யூஎம் போன்ற வெறும் ஜன்னல் மேலாளரோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவுக்கு வர முடியவில்லையா? சரி, இரண்டையும் நிறுவி, லாகின் திரையில் மாற்றி மாற்றி நுழைந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் கணக்கு வையுங்கள். ஒரே கணக்கில் இரண்டும் ஓடினால் ஒன்றின் தீமும் ஐகான்களும் மற்றதில் போய்க் கலந்துவிடும்.